கால்நடை: இல்லை

சுண்ணாம்பு அரைக்கும் கல்லின் முன் நாகவல்லி உட்கார்ந்துவிட்டால் மேஸ்திரி அந்தப் பக்கமே வரமாட்டார். வந்து குறை சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. ஊறிய கிளிஞ்சல் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துக் குழவியை இழுக்கத் தொடங்குவாள். எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் விரல்களுக்கு நடுவே ஒரு நறநறப்பும் இருக்கக் கூடாது. அதுவரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். நேமத்தான்பட்டியில் அந்த வருஷம் ஏழு பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஏழிலும் முகப்புச் சுவரின் கடைசிப் பூச்சுக்கு அவள் அரைத்ததைத்தான் கேட்டார்கள்.

கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். மஞ்சள்கருவை அரைக்கிற பெண்கள் எடுத்துக்கொள்ளலாம்; அதுவும் கூலியில் சேர்த்தி என்று மேஸ்திரி சொல்லுவார். நாகவல்லி அதைச் சிரட்டையில் ஏந்தி, முந்தானையால் மூடி வீட்டுக்குக் கொண்டுபோவாள். ஐந்து வயதில் அப்பனைக் காலராவுக்குக் கொடுத்த அவள் மகன் சோணைமுத்து அந்த மஞ்சள்கருவில்தான் வளர்ந்தான். ஊருக்குள் இருபது வீட்டுச் சுவர் மினுமினுக்கிறது, என் வீட்டில் ஒரு பி.ஏ. மினுமினுக்கிறான் என்று அவள் பெருமையடித்துக்கொண்டால் அதை மறுக்க யாருக்கும் வாய் வராது.

ஆனி மாதம் ஒரு நாள் உச்சி வெயிலில், அந்த பி.ஏ. கையில் ஒரு கடிதத்தோடு வேலை நடக்கும் இடத்துக்கே வந்து நின்றான். மதுரையில் படித்துத் தேறிவிட்டு ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறவன். அவனைக் கண்டதும் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த குழவிகள் எல்லாம் நின்றன.

"ஆத்தா, காரைக்குடியிலருந்து காயிதம் வந்திருக்கு. தருமப் பணத்துக்கு மூணு பேரைப் பொறுக்கியிருக்காக. அதுல நானும் ஒருத்தன். வர்ற வெள்ளிக்கெழமை கணக்கர் ஒருத்தர் நம்ம வீட்டைப் பாத்து எழுதிட்டுப் போவாராம். அப்பறம் மூணு பேருல ஒருத்தருக்குக் குடுப்பாக."

காரைக்குடியில் நாச்சியப்பச் செட்டியார் எழுதி வைத்த கல்வித் தருமம் அது. வருஷத்துக்கு ஒரு பி.ஏ.வுக்கு மேல்படிப்புச் செலவைக் கொடுத்தார்கள்.

"பி.ஏ.வுக்கு மேலயும் படிப்பு இருக்காடா?" என்று கேட்டாள் பக்கத்துக் கல்லில் இருந்த காளியாயி. வீட்டிலும் அவள்தான் பக்கத்து வீட்டுக்காரி.

"இருக்கு அத்தை. ஆடிட்டர் படிப்பு. பட்டணத்துல ஒரு ஆடிட்டர்கிட்ட மூணு வருசம் இருந்து பழகிப் பரீச்சை எழுதணும். சேர்றதுக்கே பணங் கட்டணும், மூணு வருசமும் சம்பளம் கெடையாது. இந்தப் பணம் வந்தாத்தான் போக முடியும். இல்லாட்டி எங்கயாவது கடையில கணக்கெழுதப் போக வேண்டியதுதான்."

"ஆடிட்டருன்னா என்ன செய்வாக?"

"கம்பெனிக்காரக, பேங்குக்காரக எழுதி வச்ச கணக்கையெல்லாம் பாத்து, இது நெசந்தான்னு கையெழுத்துப் போடுவாக. அந்தக் கையெழுத்து விழுகலைன்னா கணக்கு செல்லாது."

நாகவல்லி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "பெரிய வீட்டுக்காரக கணக்குமாடா?"

"கம்பெனி வச்சிருந்தா அவுக கணக்குந்தான்."

குழவியைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு அவள் அரைத்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெண்ணெய் தோற்றுப்போகும் என்று மேஸ்திரி வியந்தார். அவருக்குக் காரணம் தெரியாது.

பேராசிரியரிடம் ஒரு நற்சான்று வாங்கிவர சோணைமுத்து வியாழக்கிழமை காலையில் மதுரைக்குக் கிளம்பினான். வாசலைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்து சொன்னான்: "ஆத்தா, வீடு இருக்கிறபடியே இருக்கட்டும். நாம ஏழையான்னு பாக்கத்தான் வர்றாக."

அவன் சொன்னது நாகவல்லிக்குப் புரியாமல் இல்லை. நம்பத்தான் முடியவில்லை. பிறந்ததிலிருந்து வட்டிக்கடைக்காரர்களின் சீமையில் இருக்கிறவள் அவள். நாலு ரூபாய் கேட்டுப் போனாலும் நிலம் இருக்கிறதா, நகை இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். இருக்கிறது என்றால் உட்காரச் சொல்வார்கள். இல்லை என்றால் நாளைக்கு வா என்பார்கள். வெறும் வீட்டைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டுகிற மனிதரை அவள் கண்ணால் கண்டதும் இல்லை, காதால் கேட்டதும் இல்லை. படித்த பிள்ளைக்கு ஊர் நடப்பு தெரியவில்லை என்று முடிவுகட்டினாள்.

சாயங்காலமே தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள். அந்தத் தெருவுக்கு இது புதிதல்ல. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும் பரிசம் போட வந்தாலும், அந்த வீட்டில் இல்லாதது அடுத்த வீட்டிலிருந்து வரும். வந்தவர்கள் போனதும் அதது அதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். யாரும் கணக்குப் பார்த்ததில்லை. இப்போது ஒரு பி.ஏ.வுக்காகக் கேட்கும்போது மாட்டேன் என்பார்களா?

வண்டிக்காரர் பெத்தன் தன் செவலைப் பசுவையும் கன்றையும் வெள்ளி காலையில் ஓட்டிவந்து, நாகவல்லி வீட்டு முன்னால் முளையடித்துக் கட்டினார். மூன்று சாக்கில் உமியைத் திணித்து, மேலே மட்டும் ஒரு சாண் நெல்லைக் கொட்டி நிமிர்த்தி வைத்ததும் அவர்தான். முக்குக் காப்பிக்கடைக்காரர் ஒரு பெஞ்சைக் கொடுத்தார். காளியாயி தன் சீர்ப் பித்தளை அண்டாவைப் புளிபோட்டுத் தேய்த்து, கண் கூசுகிற மாதிரி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு நாகவல்லியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாஞ் சரி மதினி. காது மூளியா இருக்கே."

நாகவல்லியின் தண்டட்டி சோணைமுத்துவின் கல்லூரிச் சம்பளத்துக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. வளர்த்த காது தோள்வரைக்கும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. காளியாயி தன் காதிலிருந்து இரண்டு தண்டட்டிகளையும் கழற்றினாள்.

"அடியே வேணாம்டி. ஒனக்கு?"

"என்னைப் பாக்கவா வர்றாரு? சும்மா நில்லு மதினி, ஆடாத."

தருமத்தின் கணக்கர் அழகுசுந்தரம் ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார். குடை, மூக்குக் கண்ணாடி, கையில் அச்சடித்த ஒரு தாள். "சோணைமுத்து வீடு இதானா?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டவர், மாட்டையும் பெஞ்சையும் பார்த்ததும் இறங்கி வந்தார். "நீங்கதான் தாயாரா? நல்லாருக்கீகளா?" என்றார். செவலை கட்டியிருப்பதால் வந்த மரியாதை இது என்று நாகவல்லிக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு.

தாளில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"நெலம்?"

அதை மட்டும் இரவல் வாங்க முடியவில்லை. "இன்னும் வாங்கலீங்கய்யா," என்றாள்.

"கால்நடை?"

"பசு ஒண்ணு, கன்னு ஒண்ணு."

"கறக்குதா?"

"வேளைக்கு ரெண்டு படி."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த காளியாயி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த மாடு ஒரு படி கறந்தே ஒருவரும் பார்த்ததில்லை.

நெல், பாத்திரம், நகை என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கொடுத்த மோரையும் குடித்துவிட்டு, அழகுசுந்தரம் தாளை மடித்தார். "ரொம்பச் சந்தோசம்மா. கைம்பொண்ணா இருந்துக்கிட்டு நல்லாக் குடித்தனம் பண்றீக. ஆனா இந்தத் தருமம் ஒண்ணுமில்லாதவகளுக்குன்னு செட்டியார் எழுதி வச்சது. மத்த ரெண்டு பேரு வீட்டையும் பாத்துட்டேன். ஒரு வீட்டுல அடுப்பே பத்த வைக்கலை. ஒங்களுக்கு மாடு இருக்கு, நெல்லு இருக்கு. எப்பிடியும் பிள்ளையைப் படிக்க வச்சிருவீக."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாகவல்லி முன்னால் வந்து மறித்தாள். பிள்ளை சொன்னது நிஜம். உலகத்தில் ஒன்றுமில்லாதவனுக்குக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வாசல் தேடி வந்த அன்றைக்குத்தான் அவள் பணக்காரியாகி நின்றாள்.

"ஐயா, மாடு எங்களோடது இல்லீங்க."

"என்னம்மா இது? இப்பத்தான ரெண்டு படி கறக்கும்னீக?"

"பொய்யி சொல்லிட்டேங்கய்யா. எல்லாம் இரவலு."

அழகுசுந்தரத்தின் முகம் கடுத்தது. "எது பொய்யி? மொத சொன்னதா, இப்பச் சொல்றதா? பணம் இல்லைன்னு தெரிஞ்சதும் மாடும் இல்லைங்கிறீக. நான் எதைன்னு எழுதுறது?"

காளியாயி வேலியைச் சுற்றி வரவில்லை, பிரித்துக்கொண்டே வந்தாள். நேராக உள்ளே போய் அண்டாவைத் தூக்கிவந்து அவர் காலடியில் கவிழ்த்தாள். "அடியில பேரு வெட்டியிருக்கு, வாசிச்சுப் பாருங்க. எங்கப்பன் சீருக்குக் குடுத்தது." அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். காளியாயி என்றுதான் இருந்தது. பாத்திரம் என்ற இடத்தைச் சிவப்பு மையால் அடித்தார்.

"மாட்டுல பேரு வெட்டலையே?" என்றார்.

பெத்தன் தும்பை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, தெருக்கோடிவரைக்கும் நடந்து போனார். அங்கே நின்று, "ஏ செவலை" என்று ஒரு குரல் கொடுத்தார். மாடு தலையைத் தூக்கியது. நாகவல்லியைத் திரும்பியும் பார்க்காமல், கன்று பின்னால் ஓடிவர, அவரிடம் போய்ச் சேர்ந்தது.

அழகுசுந்தரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்று அந்த இடத்தையும் அடித்தார்.

காப்பிக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தூக்கிப்போக வந்தபோது, எழுத உட்கார்ந்திருந்த அழகுசுந்தரம் மறுபடியும் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. சாக்குக்குள் கையை முழங்கைவரை விட்டுப் பார்த்து, கையில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொண்டார். கடைசியில் நாகவல்லி அவர் முன்னாலேயே தண்டட்டிகளைக் கழற்றிக் காளியாயியிடம் கொடுத்தாள். மூளிக் காதோடு நிமிர்ந்து நின்றாள்.

வீட்டில் மிச்சம் இருந்தவை இரண்டு மண்பானை, ஒரு பாய், ஒரு சிமினி விளக்கு, ஒரு தகரப் பெட்டி. அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சோணைமுத்துவின் புத்தகங்களும், பரிசாகக் கிடைத்த நாலு பதக்கங்களும் இருந்தன.

"இது யாருது?"

"எம்மகன் வாங்குனதுங்கய்யா. இது இரவலு இல்லை."

அவர் பதக்கங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். பிறகு, "இங்க வா, கைநாட்டு வையி," என்றார். மாடு போனதோடு மரியாதையும் போயிருந்தது. நாகவல்லி கட்டை விரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். கறுப்பாக ஒரு திட்டுதான் விழுந்தது, ஒரு கோடும் இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். அப்படியேதான் விழுந்தது.

"ரேகை எங்க போச்சு?"

"சுண்ணாம்பு தின்னுருச்சுங்கய்யா."

பக்கத்தில் 'ரேகை இல்லை' என்று எழுதிக்கொண்டார். போகும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்து சொன்னார்: "கெடைச்சா மூணு வருசத்துப் பணத்தையும் ஒரேயடியாத் தர மாட்டாக. வருசா வருசம் நான் வந்து பாப்பேன். நெலமை இப்பிடியே இருக்கணும். ஏதாச்சும் சேத்து வச்சது தெரிஞ்சா அத்தோட நின்னுபோகும்."

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. சோணைமுத்துவுக்குத்தான். தெருவே தன் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த மாதிரி ஆடியது. ரயிலடிவரைக்கும் கூலி வாங்காமல் வண்டி ஓட்டிப்போன பெத்தன், வழியில் கண்டவர்களிடமெல்லாம், "உள்ள இருக்கிறது ஆடிட்டரு," என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

புறப்படுவதற்கு முந்தின மூன்று நாளும் சோணைமுத்து ஆத்தாவை எழுத வைத்தான். ஒரு பலகையில் சுண்ணாம்பைத் தடவி, அவள் விரலைப் பிடித்து ஐந்து எழுத்தை ஓட்டினான். "நான் கையெழுத்துப் போடுறவனாகப் போறேன். எங்காத்தாளுக்கு ரேகை இல்லைன்னு இன்னொருத்தன் எழுதக் கூடாது," என்றான். அவன் போன பிறகும் அவள் விடவில்லை. அரைக்கிற கல்லின் ஓரத்தில் தினமும் தன் பெயரை எழுதி, தினமும் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

ஒரு வருஷம் ஓடிற்று. பெத்தனின் வெள்ளாடு ஒன்றை நாகவல்லி வாரத்துக்கு வளர்த்தாள். அது இரண்டு குட்டி போட்டது; ஒன்று ஆட்டுக்காரருக்கு, ஒன்று வளர்த்தவளுக்கு. அவள் பங்குக்கு வந்தது நெற்றியில் வெள்ளை விழுந்த கறுப்புப் பெட்டைக்குட்டி. தாலிக்குப் பிறகு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வந்த முதல் சொத்து அதுதான். வேலை விட்டு வரும்போது அவள் காலடிச் சத்தம் தெருமுக்கில் கேட்டதும் ஓடிவந்து, அவள் விரலில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை நக்கும்.

ஆனி பிறந்ததும் மகனிடமிருந்து கடிதம் வந்தது. தபால்காரர்தான் வாசித்தார். முதல் பரீட்சையில் அவன்தான் முதலாவது. ஆடிட்டர் அவனை ஒரு பெரிய கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க அனுப்பியிருக்கிறார். 'நான் உள்ளே போனதும் அங்கே இருந்த கணக்கர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள் ஆத்தா' என்று எழுதியிருந்தான். அந்த வரியை மட்டும் நாகவல்லி மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். நாலாவது தடவை தபால்காரர் கேட்காமலே வாசித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அழகுசுந்தரம் வருகிற நாள். காலையிலேயே நாகவல்லி, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியிருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் காளியாயி வீட்டுப் பரணில் வைத்தாள். ஆடாக வளர்ந்துவிட்ட குட்டியையும் இழுத்துப்போய் அவள் கொல்லையில் கட்டினாள்.

"போன வருசம் எங்க வீட்டுச் சாமான் அங்குட்டுப் போச்சு, இந்த வருசம் ஒங்க வீட்டுது இங்குட்டு வருது," என்று காளியாயி சிரித்தாள். நாகவல்லியும் சிரித்தாள்.

அழகுசுந்தரம் இந்தத் தடவை நின்றுகொண்டேதான் எழுதினார். நிலம் இல்லை. நெல் இல்லை. பாத்திரம் இல்லை. நகை இல்லை.

"கால்நடை?"

"இல்லீங்கய்யா," என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. அவள் குரலைக் கேட்ட ஆடு முளையைப் பிடுங்கிக்கொண்டு, வேலிக்குள் நுழைந்து, கயிறு தரையில் இழுபட ஓடிவந்தது. நேராக அவளிடம் வந்து விரலை நக்கத் தொடங்கியது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆடும் பின்னால் போய் நக்கியது.

"யாரு ஆடு?"

"காளியாயி ஆடுங்க."

"ஆமா, என்னோடதுதான்," என்று ஓடிவந்த காளியாயி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். ஆடு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தது.

அழகுசுந்தரம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். "போன வருசம் இதே எடத்துல அந்த மாட்டைப் பாத்துட்டுத்தான் நான் எழுதுனேன்."

"சுண்ணாம்புக் கைங்கய்யா. உப்புக் கரிக்கும்னு வந்து நக்குது."

"சரி, அப்ப வெரட்டு பாப்போம்."

அவள், "போ" என்றாள். ஆடு அவள் முழங்காலில் தலையைத் தேய்த்தது. வேலியோரம் கிடந்த பூவரசங்கம்பை எடுத்து ஒன்று போட்டாள். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று ஆடு ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பவும் வந்தது. அழகுசுந்தரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு வருஷம். அவளுக்குப் பட்டணத்தில் ஒரு அறையும், எழுந்து நிற்கிற கணக்கர்களும், நடுவே நாற்காலியில் சோணைமுத்துவும் தெரிந்தார்கள். இருபது வருஷம் குழவி இழுத்த கை ஓங்கி இறங்கியது. ஆடு அலறிக்கொண்டு ஒரு காலைத் தூக்கியபடி வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிற்று.

அழகுசுந்தரம் குனிந்து 'கால்நடை: இல்லை' என்று எழுதினார். மைப் பெட்டியைத் தேடிப் பைக்குள் கையை விட்டார்.

"மை வேணாங்கய்யா. கையெழுத்துப் போடுவேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அட! போடுங்க, போடுங்க," என்று பேனாவைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

நாகவல்லி தரையில் உட்கார்ந்து, தாளைத் தகரப் பெட்டியின் மேல் விரித்து, கடைசி வரிக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், கடைசி எழுத்தின் மேல் வளைவையும் ஒழுங்காக வளைத்து முடித்தாள்.